நிரம்புவதும் இறைப்பதும்: இதயத்தின் வேலையை மனிதர் அறிந்த வரலாறு

இதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. ஒன்று ரத்தத்தால் நிரம்புவது. மற்றொன்று நிரம்பியதை இறைப்பது. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தம் இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குள் போகிறது. நிமிடக் கணக்கில் இது 5 லிட்டருக்கு அருகில் வரும். வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள மொத்த ரத்தமும் ஏறக்குறைய அதே 5 லிட்டர்தான். உடலின் ரத்தம் முழுவதும் நிமிடத்துக்கு ஒருமுறை இதயத்தைக் கடந்து சுற்றி வருகிறது என்று இதற்குப் பொருள். இன்று பள்ளிப் பாடமாக இருக்கும் இந்த உண்மையை நிலைநாட்ட ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நிரம்புவது, இறைப்பது ஆகிய இரண்டில் எது இதயத்தின் உண்மையான உழைப்பு என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தனக்குத் தெரிந்த விடையைச் சொன்னது. அந்த விடைகள் எப்படி மாறின என்பதே இதயத்தைப் பற்றிய அறிவின் வரலாறு.

துருத்தியாகத் தெரிந்த இதயம்

எகிப்தில் கி.மு. 1550-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில், இதயத்திலிருந்து எல்லா உறுப்புகளுக்கும் குழாய்கள் செல்கின்றன என்றும், மருத்துவர் உடலில் எங்கு விரல் வைத்தாலும் இதயத்தையே உணர்கிறார் என்றும் குறிப்பு இருக்கிறது. நாடிக்கும் இதயத்துக்கும் உறவு உண்டு என்பது அவ்வளவு பழைய அறிவு. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியா நகரத்து மருத்துவர்கள் மனித உடல்களை அறுத்துப் பார்த்தார்கள். அவர்களில் எராசிஸ்ட்ராட்டஸ் இதய வால்வுகளை விவரித்தார். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடும் கதவுகள் அவை என்பதும் அவருக்குப் புரிந்தது. ஆனால் தமனிகளில் ஓடுவது ரத்தமன்று, காற்றைப் போன்ற உயிர்ப்பொருள் என்று அவர் நம்பினார். இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது இயல்பான முடிவாகத் தோன்றியது.

இந்த நம்பிக்கையைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் உடைத்தார். பெர்கமம் நகரில் பிறந்து, வாள்வீச்சு வீரர்களுக்கு மருத்துவம் பார்த்து, பின்னர் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் மருத்துவரானவர் அவர். உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் நூலால் கட்டி, நடுவே கீறிப் பார்த்தார். உள்ளே ரத்தம் மட்டுமே இருந்தது. அருமையான சோதனைதான். ஆனால் அதன்மேல் அவர் எழுப்பிய கோட்பாடு தவறானது.

கேலனின் கருத்துப்படி, உண்ட உணவு கல்லீரலில் ரத்தமாக மாறுகிறது. அங்கிருந்து சிரைகள் வழியே உறுப்புகளுக்குச் சென்று, வாய்க்கால் நீர் வயலில் சுவறுவதுபோல அங்கேயே தீர்ந்துவிடுகிறது. திரும்பி வருவதில்லை. ஒரு சிறு பகுதி மட்டும் இதயத்தின் வலது கீழறைக்குள் நுழைந்து, இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள தடித்த சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்பக்கம் கசிகிறது. அங்கே நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு கலந்து உயிர்ச்சத்து பெறுகிறது. இதயம் விரியும்போது கொல்லனின் துருத்தியைப் போல இழுத்துக்கொள்கிறது. விரிவதுதான் அதன் முதன்மையான உழைப்பு. தமனிகளும் தம் சுவரில் உள்ள ஆற்றலால் தாமே விரிகின்றன, அதுவே நாடித்துடிப்பு.

இந்த விளக்கம் ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணங்கள் உண்டு. சிரை ரத்தம் கருஞ்சிவப்பு, தமனி ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று எண்ண இடமிருந்தது. மார்பில் கை வைத்தால் இதயம் வந்து இடிப்பது தெரிகிறது. விரிவதால்தான் இடிக்கிறது என்று நினைப்பது எளிது. கேலன் அறுத்தவை பெரும்பாலும் குரங்கு, பன்றி போன்ற விலங்குகள். அவருக்குப் பின் வந்தவர்கள் உடலைப் பார்ப்பதைவிட அவருடைய நூலைப் படிப்பதையே மருத்துவக் கல்வியாகக் கொண்டார்கள்.

சுவரில் இல்லாத துளைகள்

கேலனை மறுத்த முதல் எழுத்து அரபு மொழியில் வந்தது. டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் மருத்துவராக விளங்கிய இப்னு அந்-நஃபீஸ், 1242-இல் இப்னு சீனாவின் மருத்துவ நூலின் உடற்கூற்றியல் பகுதிக்கு உரை எழுதினார். கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவர் கெட்டியானது, அதில் கண்ணுக்குத் தெரிந்த துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை என்று அதில் அடித்துச் சொன்னார். வலது கீழறையின் ரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இடப்பக்கம் வந்து சேர்கிறது என்றும் விளக்கினார். நுரையீரல் வழிச் சுற்றோட்டத்தின் முதல் தெளிவான விளக்கம் இதுவே. இந்தச் சுவடி நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1924-இல் ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த எகிப்திய மாணவர் முஹ்யித்தீன் அத்-தத்தாவி பெர்லின் நூலகத்தில் அதன் படியைக் கண்டெடுத்த பிறகே உலகம் அதை அறிந்தது.

ஐரோப்பாவில் லியோனார்டோ டாவின்சி 1510-களில் காளையின் இதயத்தை அறுத்து நுணுக்கமாக வரைந்தார். இதயம் ஒரு தசை என்றும், அதற்கு மேலறைகள் உண்டு என்றும் குறித்தார். பெருந்தமனியின் அடிப்பகுதியைப் போலக் கண்ணாடியில் ஒரு மாதிரி செய்யத் திட்டமிட்டு, நீரில் புல் விதைகளைத் தூவி நீரோட்டத்தைக் கவனிக்கும் முறையையும் எழுதிவைத்தார். வால்வின் இதழ்களுக்குப் பின்னாலுள்ள புடைப்புகளில் நீர் சுழித்துத் திரும்புகிறது. அந்தச் சுழலே இதழ்களை மூட உதவுகிறது என்பது அவர் கண்டது. 20, 21-ஆம் நூற்றாண்டுகளின் கருவிகள் அதைச் சரியென்று காட்டின. ஆனால் அவருடைய தாள்கள் அச்சேறாததால் அவரது காலத்து மருத்துவத்துக்கு அவை பயன்படவில்லை.

1543-இல் படுவா பல்கலைக்கழகத்தின் வெசாலியஸ் மனித உடலமைப்பைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். சுவரின் துளைகளைத் தம் கண்ணால் காண முடியவில்லை என்ற வியப்பை அதில் வெளிப்படுத்தினார். 1555-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த ஐயத்தை வெளிப்படையாகவே எழுதினார். இவ்விரு பதிப்புகளுக்கும் இடையே, 1553-இல், மைக்கேல் செர்வீட்டஸ் ஒரு சமய நூலுக்குள் நுரையீரல் வழிப் பாதையைச் சொல்லியிருந்தார். அந்நூலின் சமயக் கருத்துகளுக்காக அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் நூலின் மூன்று படிகள் மட்டுமே எஞ்சின. 1559-இல் ரியால்டோ கொலம்போவின் நூல், உயிருள்ள விலங்குகளின் நுரையீரல் சிரையைத் திறந்து பார்த்ததில் அங்கே காற்று இல்லை, ரத்தமே இருந்தது என்று அறிவித்தது. இதயம் சுருங்கும்போது ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்றும் அவர் கண்டுகொண்டார். சுவரின் துளைகள் மூடப்பட்டன. ஆனால் ரத்தம் முழு உடலையும் சுற்றி வருகிறது என்ற எண்ணம் இன்னும் பிறக்கவில்லை.

ஹார்வியின் கணக்கு

அந்த எண்ணத்தைச் சோதனையாலும் கணக்காலும் நிறுவியவர் வில்லியம் ஹார்வி. 1578-இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் ஊரில் பிறந்தவர். படுவாவில் படித்து 1602-இல் பட்டம் பெற்றார். அங்கே அவருடைய ஆசிரியர் ஃபாப்ரீஷியஸ், சிரைகளுக்குள் சிறு கதவுகள்போல வால்வுகள் இருப்பதை 1603-இல் படங்களுடன் வெளியிட்டார். ரத்தம் கைகால்களில் ஒரேயடியாக இறங்கித் தேங்கிவிடாமல் தடுப்பதே அவற்றின் வேலை என்று ஃபாப்ரீஷியஸ் எண்ணினார். மாணவருக்கு அந்த விளக்கம் போதவில்லை.

லண்டன் திரும்பிப் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் பணியாற்றிய ஹார்வி, பல வகை உயிர்களின் இதயத்தை நேரில் கவனித்தார். நாய் போன்ற வெப்ப ரத்த விலங்குகளில் இதயம் மின்னல்போலத் துடிப்பதால் எது முன், எது பின் என்று பிரித்தறிய முடியவில்லை. எனவே தவளை, தேரை, பாம்பு, நத்தை, மீன் ஆகியவற்றிடம் போனார். அவற்றின் இதயம் மெதுவாகத் துடிக்கும். உயிர் பிரியும் தறுவாயில் இன்னும் மெதுவாகும். அப்போது வரிசை தெளிவாகத் தெரிந்தது. முதலில் மேலறைகள் சுருங்குகின்றன. அடுத்துக் கீழறைகள் சுருங்குகின்றன. சுருங்கும் நேரத்தில் இதயம் இறுகிக் கெட்டியாகிறது, நிறம் வெளுக்கிறது. தளரும்போது மென்மையாகிச் சிவக்கிறது. கையை மடக்கினால் புயத்தின் தசை இறுகுவதுபோல, இதயத்தின் உழைப்பும் சுருங்குவதில்தான் இருக்கிறது. மார்பில் இடிப்பது சுருங்கும் இதயமே. கேலனின் துருத்தி இங்கே தலைகீழாகப் புரண்டது.

பாம்பின் இதயத்தில் செய்த சோதனை எல்லாவற்றையும் ஒரே காட்சியில் காட்டியது. இதயத்துக்குள் நுழையும் பெருஞ்சிரையை இடுக்கியால் பிடித்தால், இதயம் வெளுத்துச் சுருங்கி வெறுமையாகிறது. பிடியை விட்டால் நிறமும் அளவும் திரும்புகின்றன. வெளியே போகும் தமனியைப் பிடித்தால், இதயம் ஊதிப் பெருத்து, கருஞ்சிவப்பேறி, திணறுகிறது. சிரை வழி வருகை, தமனி வழி வெளியேற்றம் என்ற பாதை இதில் கண்ணெதிரே நின்றது.

அடுத்து ஹார்வி கணக்குப் போட்டார். இறந்த மனிதரின் இடது கீழறையில் இரண்டு அவுன்சுக்கு மேல் ரத்தம் இருந்ததை அவர் அளந்திருந்தார். ஒரு துடிப்பில் வெளியேறுவது அரை அவுன்ஸ் மட்டுமே என்று மிகக் குறைத்து வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் 1,000 துடிப்புகள் என்றால் 500 அவுன்ஸ் வருகிறது. ஏறத்தாழ 15 கிலோ. உடலில் உள்ள மொத்த ரத்தத்தைப்போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு. இவ்வளவு ரத்தத்தை அரை மணியில் உணவிலிருந்து கல்லீரல் எப்படி உண்டாக்கும்? போன ரத்தமே திரும்பி வந்தாக வேண்டும். உண்மையான அளவு இதைவிட மிகப் பெரிது. அரை மணியில் ஏறத்தாழ 150 லிட்டர். மிகக் குறைந்த அளவை வைத்தே முடிவை நிறுவியதால் அந்த வாதத்தை அசைக்க முடியவில்லை.

திரும்பும் பாதையைக் காட்ட அவர் கையை மட்டுமே பயன்படுத்தினார். முழங்கைக்கு மேல் மிக இறுக்கமாகக் கட்டினால் மணிக்கட்டில் நாடி நிற்கிறது. கை வெளுத்துக் குளிர்கிறது. கட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஆழத்திலுள்ள தமனி திறக்கிறது, மேலோட்டமான சிரை மூடியே இருக்கிறது. கை சிவந்து, சிரைகள் புடைக்கின்றன. புடைத்த சிரையில் இடையிடையே முடிச்சுகள்போல வால்வுகள் தெரியும். ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் ரத்தத்தை மேல்நோக்கி அடுத்த வால்வைத் தாண்டித் தள்ளிவிட்டால், நடுப்பகுதி காலியாகவே கிடக்கும். மேலிருந்து ரத்தம் இறங்குவதில்லை. கீழ் விரலை எடுத்தவுடன் கீழிருந்து நிரம்பிவிடும். ஃபாப்ரீஷியஸ் கண்ட கதவுகள் இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கின்றன.

1628-இல் ஃபிராங்ஃபர்ட் நகரில் 72 பக்கங்களில் லத்தீன் மொழியில் ஹார்வியின் நூல் வெளிவந்தது. பாரிஸின் ழான் ரியோலான் போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நூல் வந்த பின் அவரிடம் வரும் நோயாளிகள் குறைந்ததாக அவரை அறிந்த ஜான் ஆப்ரி எழுதிவைத்தார். சுற்றோட்டத்தை ஏற்ற தத்துவஞானி டேக்கார்ட்கூட, இதயத்தின் வெப்பத்தால் ரத்தம் பொங்கி விரிவதே துடிப்புக்குக் காரணம் என்று 1637-இல் எழுதினார். விரிவதே உழைப்பு என்ற பழைய எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.

அதற்கான விடை ஓர் இளைஞரின் மார்பில் கிடைத்தது. மாண்ட்கோமரி பிரபுவின் மகனுக்குச் சிறுவயதில் விழுந்து விலா எலும்புகள் முறிந்து, சீழ் பிடித்து, ஆறிய பின்னும் இடது மார்பில் பெரிய திறப்பு நிலைத்துவிட்டது. மன்னர் முதலாம் சார்லஸ் கேட்டுக்கொண்டதால் ஹார்வி அவரைப் பார்த்தார். திறப்பின் வழியே விரல்களை நுழைத்து இதயத்தைத் தொட்டார். மற்றொரு கையால் அவருடைய நாடியைப் பிடித்தார். இதயம் சுருங்கி முன்னே வந்து இடிக்கும் அதே கணத்தில் மணிக்கட்டின் நாடி எழுந்தது. மன்னரும் அந்த இதயத்தைத் தொட்டுப் பார்த்தார். தொடுவது அந்த இளைஞருக்குத் தெரியவே இல்லை. இந்நிகழ்ச்சியை ஹார்வி 1651-இல் வெளியிட்ட நூலில் பதிந்தார்.

தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் ஹார்வியால் காண முடியவில்லை. அவர் 1657-இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், போலோன்யா நகரின் மார்செல்லோ மால்பிகி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்து, இரண்டையும் இணைக்கும் மயிரிழை போன்ற தந்துகிகளைக் கண்டார். வட்டம் முழுமையானது.

அழுத்தமும் ஒலியும்

ரத்தம் சுற்றுகிறது என்று தெரிந்த பின், எவ்வளவு விசையோடு சுற்றுகிறது என்ற கேள்வி எழுந்தது. அதை முதலில் அளந்தவர் இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீஃபன் ஹேல்ஸ். ஒரு பெண் குதிரையை மல்லாக்கக் கட்டிவைத்து, தொடைத் தமனியில் பித்தளைக் குழலைப் பொருத்தி, ஒன்பது அடி உயரக் கண்ணாடிக் குழாயை அதில் இணைத்தார். ரத்தம் இதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. நின்ற இடத்திலும் ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் ஏறி இறங்கியது. 1733-இல் அவர் இதை வெளியிட்டார். ரத்த அழுத்தத்தின் முதல் அளவீடு இது. இதயத்தின் அறைகளுக்குள் மெழுகு ஊற்றி உறையவைத்து அவற்றின் கொள்ளளவையும் அவர் கணக்கிட்டார்.

1816-இல் பாரிஸில் ரெனே லென்னெக், ஒரு நோயாளிப் பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டார். அதிலிருந்து ஸ்டெதஸ்கோப் பிறந்தது. இதயத்தின் இரண்டு ஒலிகள் தெளிவாகக் கேட்டன. ஆனால் இரண்டாம் ஒலி மேலறை சுருங்குவதால் வருகிறது என்று அவர் தவறாகக் கருதினார். வால்வுகள் மூடுவதே ஒலிகளுக்குக் காரணம் என்று 1832-இல் ழோசஃப் ருவானே விளக்கினார்.

காதும் கண்ணும் ஏமாறக்கூடும் என்பதால் கருவியே வரைந்து காட்டும் முறை தேவைப்பட்டது. 1840-களில் கார்ல் லுட்விக், சுழலும் உருளையில் எழுதுகோல் அழுத்தக் கோட்டை வரையும் கைமோகிராஃப் கருவியைச் செய்தார். 1860-களின் தொடக்கத்தில் பிரான்சின் ஷோவோவும் மாரேயும், நிற்கும் குதிரையின் கழுத்துச் சிரை வழியே மெல்லிய குழாய்களை இதய அறைகளுக்குள் செலுத்தி அழுத்தத்தைப் பதிவு செய்தனர். மேலறையின் கோடு முதலில் எழுந்தது. அடுத்துக் கீழறையின் கோடு எழுந்தது. மார்பின் இடியும் கீழறையின் சுருக்கமும் ஒரே நேரத்தில் பதிவாயின. தவளையிடமும் பாம்பிடமும் ஹார்வி கண்ணால் கண்ட வரிசைக்குத் தாளில் சான்று கிடைத்தது.

இந்த அறிவு தமிழில் பாடமாகவும் அக்காலத்திலேயே வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், கிரே எழுதிய உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872-இல் வெளியிட்டார். இதயத்தின் அறைகள், வால்வுகள், குழாய்கள் ஆகியவற்றைத் தமிழ் மாணவர் தம் மொழியில் படிக்க முடிந்தது. ஆனால் துடிப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு இறைக்க வேண்டும் என்பது இதயத்துக்கு எப்படித் தெரிகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு அன்று எந்த மொழி நூலிலும் விடை இல்லை.

துடிப்பு தொடங்கும் இடம்

உடலிலிருந்து எடுத்த தவளை இதயம் தனியாகவும் துடித்துக்கொண்டிருக்கும். அப்படியானால் துடிப்பின் தொடக்கம் இதயத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 1839-இல் பர்கின்யே ஆட்டின் இதய உட்சுவரில் தனித்தன்மையுள்ள நார்களைக் கண்டார். 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் மேலறையையும் கீழறையையும் இணைக்கும் தசைக்கற்றையை விவரித்தார். ஜப்பானிலிருந்து ஜெர்மனியின் மார்பர்க் நகருக்கு வந்து ஆய்ந்த சுனாவோ தவாரா, 1906-இல் அந்தக் கற்றையின் தொடக்கத்திலுள்ள முடிச்சைக் கண்டறிந்து, முடிச்சு முதல் பர்கின்யே நார்வரை எல்லாம் ஒரே தொடர் என்று நிறுவினார்.

அதே ஆண்டுக் கோடையில், உடற்கூற்றியலாளர் ஆர்தர் கீத்தின் கிராமத்து வீட்டில் தங்கியிருந்த மருத்துவ மாணவர் மார்ட்டின் ஃபிளாக், ஒரு மூஞ்சூறு வகை விலங்கின் இதயத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் பெருஞ்சிரை வலது மேலறையோடு சேரும் இடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு திசு தெரிந்தது. வெளியே சென்றிருந்த கீத் திரும்பியதும் அதைக் காட்டினார். 1907-இல் இருவரும் வெளியிட்ட அந்தக் கண்டுபிடிப்புதான் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முடிச்சு. அங்கே எழும் மின் அலை மேலறைகளில் பரவி, தவாராவின் முடிச்சில் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்து, பிறகு கீழறைகளுக்குள் பாய்கிறது. மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க அந்தத் தாமதம் அவசியம். இந்த மின் அலையை உடலின் மேற்பரப்பிலிருந்தே துல்லியமாகப் பதிந்தவர் ஹாலந்தின் ஐந்தோவன், இ.சி.ஜி.க்காக 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நிரம்பும் அளவே இறைக்கும் அளவு

எவ்வளவு இறைப்பது என்ற இரண்டாவது கேள்விக்கான விடை நிரம்புதலின் மதிப்பை மீட்டுத் தந்தது. 1895-இல் மியூனிக்கில் ஆட்டோ ஃபிராங்க், தவளையின் இதயம் எவ்வளவு நிரம்பி விரிகிறதோ அந்த அளவுக்கு அடுத்த சுருக்கம் வலுவாக இருப்பதை அளந்து காட்டினார். லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங், 1912 முதல் 1914 வரை, நாயின் இதயத்தையும் நுரையீரலையும் மட்டும் தனிச் சுற்றாக இயங்கவைத்து இதை ஆழமாக ஆராய்ந்தார். ரத்தம் வரும் தொட்டியை உயர்த்தினால் இதயம் கூடுதலாக நிரம்பியது. வந்தது முழுவதையும் இறைத்தது. வெளியேறும் பாதையின் தடையைக் கூட்டினால், முதல் சில துடிப்புகளில் ரத்தம் உள்ளே தேங்கி இதயம் பெருத்தது. பெருத்ததனாலேயே வலுவாகச் சுருங்கிப் பழைய அளவை மீட்டது. நரம்பின் கட்டளை எதுவும் அங்கே இல்லை. சுருக்கத்தின் ஆற்றல் தசைநாரின் நீளத்தைப் பொறுத்தது என்ற இந்த விதியை 1915-இல் கேம்பிரிட்ஜ் சொற்பொழிவில் ஸ்டார்லிங் தொகுத்துரைத்தார்.

இந்த விதி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை எளிய கணக்கால் உணரலாம். வலது கீழறை நுரையீரலுக்கு அனுப்புவதும், இடது கீழறை உடலுக்கு அனுப்புவதும் சமமாக இருக்க வேண்டும். வலப்பக்கம் ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு மில்லிலிட்டர் கூடுதலாக அனுப்பினால், நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டர்; பத்தே நிமிடத்தில் 700 மில்லிலிட்டர் ரத்தம் நுரையீரலில் தேங்கிவிடும். அப்படி நேராததற்குக் காரணம், கூடுதலாக வந்த ரத்தம் இடது கீழறையைக் கூடுதலாக விரித்து, அதைக் கூடுதலாக இறைக்கச் செய்வதே.

ஒரு துடிப்பின் கால அட்டவணை

அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் கார்ல் விக்கர்ஸ், அழுத்தம், கொள்ளளவு, ஒலி, மின் அலை ஆகியவற்றின் கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துத் துடிப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். 1921-இல் அவர் வகுத்த பிரிவுகளே இன்றும் மருத்துவ மாணவர்களின் பாடம்.

ஒரு துடிப்பின் மொத்த நேரம் ஏறத்தாழ 0.8 நொடி. மேலறை சுருங்கும்போது கீழறை பெரும்பகுதி நிரம்பிவிட்டிருக்கும். மேலறை சேர்ப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. இடது கீழறையில் இப்போது சுமார் 120 மில்லிலிட்டர் இருக்கிறது. கீழறை இறுகத் தொடங்கியதும் மேலறை நோக்கிய வால்வு மூடுகிறது. அதுவே முதல் ஒலி. அடுத்த 0.05 நொடிக்கு எல்லாக் கதவுகளும் மூடியிருக்க, உள்ளே அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கும் கீழிருந்து 80-க்கு ஏறுகிறது. பெருந்தமனி வால்வு திறக்கிறது. அழுத்தம் 120 வரை உயர, 70 மில்லிலிட்டர் வெளியேறுகிறது. மீதி 50 உள்ளேயே தங்குகிறது. தசை தளர்ந்ததும் பெருந்தமனி வால்வு மூடுகிறது. அது இரண்டாம் ஒலி. மறுபடியும் எல்லாக் கதவுகளும் மூடிய ஒரு சிறு இடைவெளி. உள் அழுத்தம் மேலறையின் அழுத்தத்துக்குக் கீழே இறங்கியதும் மேல் வால்வு திறந்து ரத்தம் விரைந்து பாய்கிறது. சுருங்குவதற்கு 0.3 நொடி, தளர்ந்து நிரம்புவதற்கு 0.5 நொடி.

உயிருள்ள மனிதரின் இதயத்துக்குள்

இதயத்துக்குள் அழுத்தத்தை அளந்த இந்த ஆய்வுகள் அனைத்தும் விலங்குகளில் நடந்தவை. மனித இதயத்துக்குள் நுழையும் துணிவு 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊர் மருத்துவமனையின் இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மனுக்கு வந்தது. தம் கைச் சிரையைத் தாமே திறந்து, மெல்லிய குழாயை 65 சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, குழாயின் நுனி வலது மேலறையில் இருப்பதைப் படமெடுத்தார். பாராட்டுக்குப் பதில் கண்டனமே வந்தது. நியூயார்க்கில் ஆந்த்ரே கூர்நானும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் 1940-களில் இந்த முறையை வளர்த்து, இதய அறைகளின் அழுத்தத்தையும் இறைக்கும் அளவையும் நோயாளிகளிடம் அளந்தனர். உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனிலிருந்து ரத்தத்தின் ஓட்டத்தைக் கணக்கிடலாம் என்று அடால்ஃப் ஃபிக் 1870-இல் சொன்ன விதி அப்போதுதான் நோயாளியின் படுக்கை அருகே பயன்பட்டது. மூவரும் 1956-இல் நோபல் பரிசு பெற்றனர்.

1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இங்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், உலோகத்தின் உள்விரிசலைக் கண்டறியப் பயன்பட்ட ஒலியலைக் கருவியை இதயத்தின்மேல் வைத்துப் பார்த்தனர். சுவரின் அசைவு எதிரொலியாகத் திரும்பியது. எக்கோ பரிசோதனை பிறந்தது. ஊசியும் குழாயும் இன்றி, இதயம் நிரம்புவதையும் இறைப்பதையும் பார்க்க முடிந்தது.

தளர்வதும் உழைப்பே

இதயத்தை இறைக்கும் கருவியாகவே பார்த்துப் பழகிய மருத்துவம், தளர்வதை ஓய்வு என்று எண்ணியிருந்தது. தசையின் உள்வேலை தெரிந்தபோது அந்த எண்ணம் மாறியது. 1883-இல் லண்டனில் சிட்னி ரிங்கர், வாலைவடி நீரில் கரைத்த உப்பில் தவளை இதயம் நின்றுவிடுவதையும், கால்சியம் கலந்த குழாய் நீரில் தொடர்ந்து துடிப்பதையும் கண்டிருந்தார். தசைநாருக்குள் கால்சியம் பரவினால் சுருக்கம். அது விலகினால் தளர்வு. அப்படி விலக்குவது தானாக நடப்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் கால்சியத்தை அதன் சேமிப்பு அறைக்குத் திரும்ப ஏற்ற, செல் ஆற்றலைச் செலவிட வேண்டும். தளர்வும் ஓர் உழைப்பு.

இறைத்து முடித்த கீழறை, பிழிந்த பஞ்சைப்போலத் தன் வடிவத்துக்கு மீள்கிறது. தசைநாரிலுள்ள டைட்டின் என்ற நீண்ட புரதம் சுருள்வில்லாக இதற்கு உதவுகிறது. மேல் வால்வு திறந்த முதல் கணங்களில் கீழறை நிரம்பிக்கொண்டே இருக்க, அதன் அழுத்தம் மேலும் இறங்குவதைக் கருவிகள் காட்டின. இதயம் ரத்தத்தை இழுக்கவும் செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. இழுக்கும் இதயம் என்ற கேலனின் எண்ணத்தில் ஒரு துளி உண்மை இருந்தது. ஆனால் அந்த இழுவிசை, ஹார்வி கண்ட சுருக்கத்திலேயே சேமிக்கப்படுகிறது.

இந்த அறிவு நோயைப் பார்க்கும் முறையையும் மாற்றியது. இதயச் செயலிழப்பு என்றால் இறைக்கும் வலு குறைவது என்றே நெடுங்காலம் கருதினார்கள். இன்று அந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு பங்கு வெளியேறுகிறது என்ற இறைக்கும் விகிதம் சரியாகவே இருக்கிறது. சுவர் விறைத்து, தளர்ந்து நிரம்ப முடியாததே அவர்களுடைய குறை. முதுமை, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, உடல் பருமன் ஆகியவை அதற்கு வழிவகுக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும்போது குறைவது பெரும்பாலும் நிரம்பும் நேரமே என்பதால், படியேறும்போது இவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. எக்கோ அறிக்கையில் இறைக்கும் விகிதத்துடன் நிரம்பும் திறனையும் குறிப்பிடுவது இதனால்தான். முதல் எண் சரியாக இருந்தும் மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் நீடித்தால், நிரம்பும் திறன் எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.